தலை தட்டாத குவளை

ரொட்டிக்காரரின் மனைவி கடைசியாக அளந்த ஒரு குவளை மாவு, அளந்தபடியே இருந்தது.

அவள் அதை அளந்து பலகைமேல் வைத்தாள். "கொஞ்சம் உட்காந்துக்கறேன்" என்று முக்காலியில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை. வந்தவர்கள் அவளைத் தூக்கினார்கள், முக்காலியை ஓரமாக நகர்த்தினார்கள், பலகையைத் துடைக்கவும் ஆரம்பித்தார்கள். குவளைப் பக்கம் கை நீண்டபோது மட்டும் ரொட்டிக்காரர், "அது இருக்கட்டும்" என்றார். அது இருந்தது.

சாதாரணத் தகரக் குவளைதான். ஆனால் மாவு விளிம்போடு நிற்கவில்லை. அதற்கு மேலும் கூம்பாக எழும்பி நின்றது. மற்ற கடைகளில் கத்தியால் வழித்துத் தலை தட்டித்தான் அளப்பார்கள். அவள் ஒருநாளும் தட்டியதில்லை. அந்தத் தலை எவ்வளவு உயரம் நிற்க வேண்டும் என்பது அவள் கைக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. ரொட்டிக்காரருக்கும் தெரியாது. அவர் வேலை அடுப்போடு சரி.

குவளையை அலமாரியில் வைத்து, அதன்மேல் ஒரு கண்ணாடி ஜாடியைக் கவிழ்த்து மூடினார். சில காலைகளில் ஜாடியில் ஆவி படர்ந்திருக்கும். வெளியே துடைத்துப் பார்ப்பார், போகாது. ஆவி உள்பக்கம்.

மகள் இதையெல்லாம் நம்புகிறவள் அல்ல. மாவு ஈரம் இழுக்கும், ஈரம் ஆவியாகும், அவ்வளவுதான் என்பாள். "அம்மாவ ஜாடிக்குள்ள மூடி வச்சிட்டு மூச்சு விடுறாங்களான்னு பாக்குறீங்க" என்று ஒருமுறை சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றவே, அன்று முழுக்க வாய் திறக்காமல் மாவு பிசைந்தாள். இப்போது பிசைவது அவள்தான். நல்ல ரொட்டி. குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் பழைய வாடிக்கையாளர்கள் ஒரு வாய் மென்றுவிட்டு ரொட்டியைத் திருப்பிப் பார்த்தார்கள், எதையோ தேடுகிறவர்கள் மாதிரி. ரொட்டிக்காரரும் அப்படித்தான் பார்த்தார். அவர் பார்ப்பதை மகள் பார்த்தாள்.

எடைமாற்றுத் துறை முளைத்தது அந்தச் சமயத்தில்தான்.

குவளையும் கரண்டியும் கைப்பிடியும் ஆளுக்கு ஆள் மாறுவதால் மக்கள் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டு, அந்த ஏமாற்று வேலைக்குச் சுவை என்று பெயரும் வைத்திருக்கிறார்கள் என்பதை அரசு கண்டுபிடித்திருந்தது. இனி எல்லாம் கிராமில். 'கொஞ்சம்' என்ற சொல்லுக்குச் சமையலறைகளில் தடை விழுந்தது. தன் சமையல் குறிப்பில் 'உப்பு, தேவையான அளவு' என்று எழுதியிருந்த சூப் கடை அக்காவுக்கு, யாருக்குத் தேவை, தேவைக்கு ஆதாரம் என்ன, எப்போதிலிருந்து தேவைப்படுகிறது என்று கேட்டு ஓலை வந்தது. விசாரணை முடியும்வரை உப்பில்லாமல் காய்ச்சச் சொன்னார்கள். காய்ச்சினார். வந்தவர்கள் பாதிக் கிண்ணத்தோடு எழுந்து போனார்கள். அவர்கள் விட்டுப்போன மீதியை எடைபோட்டு அனுப்பும்படி அடுத்த ஓலை வந்தது.

துறையின் முதல் சுற்றறிக்கையிலேயே ஒரு வரி இருந்தது: 'அளக்கும்போது தலை தட்டப்பட வேண்டும்.' எழுதியவர் சமைக்கத் தெரிந்தவராக இருந்திருக்க வேண்டும். நிறைவேற்றியவர்கள் அடுப்படிப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள். அவர்கள் மனிதத் தலையைத் தட்டுவதற்கென்று ஒரு பதவியை உண்டாக்கி, அதற்கு ஓர் ஆளை நியமித்து, கையில் மர அளவுகோல் ஒன்றும் கொடுத்துவிட்டார்கள். தவறு தெரியவந்தபோது துறை நிதானமாக யோசித்துப் பார்த்தது. தட்ட ஆரம்பித்த பிறகு புகார்கள் குறைந்திருந்தன. பதவி நிரந்தரமாக்கப்பட்டது.

கடைக்கு வந்தவர் அந்தத் தட்டுக்காரர்தான். ஒல்லியான மனிதர், சத்தமில்லாமல் நடப்பவர். மகளின் தலையில் ஒன்று, ரொட்டிக்காரர் தலையில் ஒன்று, பட்டும் படாமலும் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் "மன்னிச்சுக்கங்க" என்றார். பிறகு மகளின் குவளையை எடைபோட்டு, முத்திரை குத்தி, கிளம்பத் திரும்பியவர் அலமாரியைப் பார்த்தார்.

"இது யாரு அளந்தது?"

"என் சம்சாரம்."

"அவங்களக் கூப்பிடுங்க."

"அவ இப்ப இல்லிங்க."

"எப்ப வருவாங்க?"

"அதைத்தான் அப்பாவும் பாத்துக்கிட்டிருக்காரு" என்றாள் மகள்.

தட்டுக்காரருக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் தொப்பியைக் கழற்றினார். ஆனால் விதி விதிதான். எடைக்கு மாற்றப்படாத கொள்ளளவை வைத்திருப்பது குற்றம். கடையின் ரொட்டிக் குறிப்பு வேறு இறந்துபோனவளின் பெயரில் இருந்தது. அவள் குவளை எடைக்கு மாறும்வரை அடுப்பு மூட்டக் கூடாது. இதையெல்லாம் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பேசாம மாவோட மாவா கொட்டிடுங்க, ஐயா. நான் எதையும் பாக்கல."

ரொட்டிக்காரர் தலையை ஆட்டினார், முடியாது என்று. கொட்டிவிட்டால் அது வெறும் மாவு. குவளையில் நிற்கும்வரைதான் அது அவள் கை.

ஆக, அப்பாவும் மகளும் குவளையை எடுத்துக்கொண்டு தலைமை அலுவலகத்துக்குக் கிளம்பினார்கள். பேருந்தில் ரொட்டிக்காரர் அதை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, கைக்குழந்தைக்காரி போல ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சாலை குண்டும் குழியுமாக இருந்தது. முதல் குழியில் மாவின் தலை லேசாக அமிழ்ந்தது. அடுத்ததில் இன்னும் கொஞ்சம். மாவு ஒரு துளியும் சிந்தவில்லை, ஆனால் குறைந்துகொண்டே போனது. அவர் எழுந்து வண்டியை நிறுத்தச் சொன்னார். மீதி வழியை நடந்தார்கள். மகள் முன்னால் போய், எதிரே வருகிறவர்களை விலக்கிவிட்டாள். யாரோ அவளிடம் ஊர்வலமா என்று கேட்டார்கள். ஆமாம் என்றாள்.

அலுவலகத்தின் நடைகூடம் நீளமானது, வெள்ளையானது. சுவரின் வெள்ளையல்ல. காற்றிலேயே ஏதோ மெல்லிய தூள் மிதந்து, மெதுவாக இறங்கி, பெஞ்சுகளின்மேலும் தோள்களின்மேலும் படிந்துகொண்டிருந்தது. காத்திருந்தவர்கள் தட்டிவிடுவதை எப்போதோ நிறுத்தியிருந்தார்கள். ஒரு பெண் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டிவைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அது ஒரு சிட்டிகை. பக்கத்தில் ஒரு பெரியவர் வலது கையை மூடி வைத்திருந்தார். அது ஒரு கைப்பிடி. கூப்பிடும்வரை திறக்க வேண்டாம் என்று சொன்னார்களாம். எப்போது சொன்னார்கள் என்பது அவருக்கு ஞாபகமில்லை. விரல் நகங்கள் வளைந்து உள்ளங்கைக்குள் போயிருந்தன. உள்ளே என்ன என்று மகள் கேட்டதற்கு, பார்லியாக இருக்க வேண்டும் என்றார், அவ்வளவு உறுதியில்லாமல்.

தட்டுக்காரர் வந்து வரிசையாகத் தட்டினார். மன்னிப்பும் கேட்டார். பிறகு ரொட்டிக்காரருக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தைப் பார்த்தபடி தயங்கி நின்றார்.

"விதிப்படி அளந்தவங்க தலையையும் தட்டணும். எவ்வளவு உயரம் இருப்பாங்க?"

ரொட்டிக்காரர் தன் தோளைத் தொட்டுக் காட்டினார். தட்டுக்காரர் அளவுகோலை அந்த உயரத்துக்குக் கொண்டுபோய், காற்றில் மெல்ல இறக்கினார்.

டொக் என்று கேட்டது.

தட்டுக்காரர் அளவுகோலைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "மன்னிச்சுக்கங்கம்மா" என்றார். அடுத்த ஆளிடம் போனார். மகள் அப்பாவைப் பார்க்கவில்லை. அப்பா தோளை அசைக்காமல் நின்றார்.

இயக்குநரின் அறையில் தூசு தும்பு இல்லை. மேசை, மேசைமேல் தராசு, தராசுக்குப் பின்னால் இயக்குநர். சுத்தமான மனிதர், சிரித்த முகம். உட்காரச் சொன்னார். நாற்காலிகளில் உட்கார்ந்ததும், கைப்பிடிகளில் இருந்த சின்னக் கண்ணாடிகளில் எண்கள் ஓடின. அவர் அவற்றைக் குறித்துக்கொண்டு, இப்போது உங்களைத் தெரிந்துகொண்டேன் என்பதுபோலத் தலையசைத்தார்.

"பெரியவரே, உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா ஒரு குவளை மாவுல கிட்டத்தட்டப் பாதி காத்து. துகளுக்கும் துகளுக்கும் நடுவுல காத்து. இத்தனை தலைமுறையா ஜனங்க காத்த அளந்து, காத்தப் பிசைஞ்சு, காத்துக்காக அழுதிருக்காங்க. எடை அப்படியில்ல. எடை பொய் சொல்லாது. எங்க அம்மா போனப்ப வீட்ல எல்லாரும் அவங்க சிரிப்பு, அவங்க கை, அவங்க வாசனைன்னு என்னென்னமோ சொன்னாங்க. நான் கடைசியா ஆஸ்பத்திரியில போட்ட எடையைக் குறிச்சு வச்சுக்கிட்டேன். முப்பத்தெட்டு கிலோ. இன்னைக்கு அவங்க முகம் எனக்கு ஞாபகம் வர்றதில்ல. ஆனா முப்பத்தெட்டு அப்படியே இருக்கு, ஒரு கிராம் குறையல. இதவிட ஒரு மகன் என்ன செய்ய முடியும்?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. குவளையை வாங்கித் தராசில் வைத்தார். இருநூற்று எழுபது கிராம்.

"இது குவளையும் மாவும் சேந்த எடை. இனி காலிக் குவளையை எடைபோட்டுக் கழிக்கணும். கொட்டிடறேன்."

ரொட்டிக்காரரின் கை தானாக நீண்டது. இதே மாதிரிக் குவளை பாத்திரக்கடையில் கிடைக்கும், ஒன்று வாங்கி வருகிறேன், அதன் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள், இதைத் தொட வேண்டாம் என்று கெஞ்சினார். வீட்டிலும் கடையிலும் யாரிடமும் கெஞ்சிப் பழகாதவர் என்பதால் வார்த்தைகள் முன்னும் பின்னுமாக வந்தன. இயக்குநர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அது வேற குவளை, பெரியவரே. அதுல உங்க மனைவி அளக்கலியே."

அந்தக் கட்டடத்தில் சொல்லப்பட்ட உண்மையான வாக்கியம் அது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ரொட்டிக்காரர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இயக்குநர் ஒரு பீங்கான் தட்டை எடுத்து வைத்து, அதன்மேல் குவளையைச் சாய்த்தார்.

மாவு சத்தமில்லாமல் விழுந்தது. குவளையின் வடிவத்திலேயே, தலையோடு, ஒரு கணம் நின்றது. அதன் பக்கவாட்டில் நான்கு விரல்கள் அணைத்துப் பிடித்த தடம் இருந்தது. தகரத்துக்கு உள்ளே விரல் எப்படிப் போகும் என்று யோசிப்பதற்குள் அது சரிந்து பரவி, எந்தக் கடையிலும் கிடைக்கிற மாவாகிவிட்டது.

இயக்குநர் காலிக் குவளையைத் தராசில் வைத்தார். இருநூற்று எழுபது.

துடைத்துவிட்டு வைத்தார். இருநூற்று எழுபது. வேறு தராசு வரவழைத்தார். அதுவும் அதையே சொன்னது. அவர் முகத்தில் சஞ்சலம் எதுவும் இல்லை. தராசுக்குத் துறை சான்று கொடுத்திருந்தது. துறைக்குத் தராசு சான்று கொடுத்திருந்தது. நடுவே தவறு நுழைய இடமில்லை.

"கழிச்சா பூஜ்யம்" என்றார். "மாவுக்கு எடை இல்ல."

"அதோ இருக்கே" என்றாள் மகள், தட்டைக் காட்டி.

"எடை இல்லாதது இருக்க முடியாதும்மா. கண்ணால பாக்கறதெல்லாம் கொள்ளளவு."

ஓர் ஊழியர் தட்டை எடுத்துப்போய்ச் சுவரில் இருந்த குழாய்வாயில் கொட்டினார். குழாய் அதை இழுத்துக்கொண்டது. நடைகூடத்தில் இறங்கிக்கொண்டிருந்த வெள்ளைத்தூள் எங்கிருந்து வருகிறது என்பது ரொட்டிக்காரருக்கு அப்போது விளங்கியது. குவளையும் போயிற்று, கொள்ளளவுக் கருவிகளை உருக்கி எடைக்கற்கள் செய்கிறார்களாம். அவர் கையில் கிடைத்தது ஒரு சான்றிதழ்: மேற்படி மனைவியின் மாவு, குவளை ஒன்றுக்குப் பூஜ்யம் கிராம். நாளை முதல் அவள் குறிப்புப்படி ரொட்டி சுடும்போது தண்ணீர், உப்பு, ஈஸ்ட் இவற்றோடு மாவு பூஜ்யம் கிராம் சேர்க்க வேண்டும். கூடினால் கடைக்குச் சீல்.

நடைகூடத்தில் திரும்பி நடந்தபோது அவர் அண்ணாந்து, வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு வந்தார். மகள் கவனித்தாள். வெளியே வந்ததும், "அழணும்னா இங்கயே அழுதிடுங்கப்பா. கடையில அழுதா தண்ணி எடை கூடிடும், மறுபடி இங்க வரணும்" என்றாள். சொல்லிவிட்டு அவள்தான் அழுதாள்.

மறுநாள் காலை மேற்பார்வைக்குத் தட்டுக்காரர் வந்தார். தண்ணீரை எடைபோட்டார், உப்பை எடைபோட்டார், ஈஸ்ட்டை எடைபோட்டார். மாவுக்கு நேராகப் பூஜ்யம் என்று எழுதிவிட்டு மன்னிப்புக் கேட்டார். மகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பைத்தியக்காரத்தனத்துக்கு என் கையை நனைக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தாள். எனவே வாழ்நாளில் மாவு பிசைந்திராத ரொட்டிக்காரர் அகன்ற பாத்திரத்தின்முன் நின்று, சட்டைக்கையைச் சுருட்டிவிட்டு, அந்த உப்புத் தண்ணீரைப் பிசைந்தார். அவள் எப்படி மடிப்பாள், எப்படி அழுத்துவாள், எப்போது தோளைக் குலுக்கிக்கொள்வாள் என்பதெல்லாம் கண்ணில் இருந்தது. கையில் தண்ணீர்தான் இருந்தது. வெட்கமாக இருந்தது. தட்டுக்காரர் நாசூக்காக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிசைந்து முடித்ததாகத் தோன்றியபோது ஈரத்துணி போட்டு மூடினார். மூவரும் உட்கார்ந்தார்கள்.

துணி எழும்பியது.

முதலில் நடுவில் மட்டும். பிறகு பாத்திரத்தின் விளிம்புவரை, அதையும் தாண்டி, போர்வைக்குள் ஒருவர் புரண்டு படுப்பதுபோல. மகள் எழுந்துபோய்த் துணியை விலக்கினாள். அடியில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. துணியைப் போட்டாள். எழும்பியது.

தட்டுக்காரர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "இது பெருத்திருக்குன்னு நான் எழுத முடியாது. பெருக்கறது கொள்ளளவு. கொள்ளளவுன்னு ஒண்ணு இப்ப கிடையாது."

ரொட்டிக்காரர் துணியோடு சேர்த்துத் தூக்கி அச்சுகளில் வைத்தார், அடுப்பில் தள்ளினார். இது அவருக்குத் தெரிந்த வேலை. சிறிது நேரத்தில் வாசனை வந்தது. மகளின் ரொட்டி வாசனையல்ல. தெருவில் போனவர்கள் நின்றார்கள். பழைய வாடிக்கையாளர்கள் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள். வெளியே எடுத்த அச்சுகள் காலியாக இருந்தன. தராசும் அதைத்தான் சொன்னது. ஆனால் கத்தியை வைத்து அறுத்தபோது மேல்தோல் மொறுமொறுவென்று உடைகிற சத்தம் கேட்டது. ஏந்திய கைகள் ஒவ்வொன்றும் சற்றே தாழ்ந்தன. ரொட்டிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். அவள்தான்.

சேதி மேலே போயிற்று. மாவில்லாமல் ரொட்டி, செலவில் முழுச் சேமிப்பு. இயக்குநர் அதைத் தன் சாதனையாக அறிவித்து, எல்லா ரொட்டிக் கடைகளும் இந்தக் குறிப்பையே பின்பற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டார். மற்ற கடைகளில் தண்ணீர் தண்ணீராகவே கிடந்தது. சூட்சுமம் என்ன என்று கேட்டு வந்தார்கள். வீட்டுக்காரி போய்ச் சேர்ந்தது தவிர வேறு சூட்சுமம் எதுவும் தனக்குத் தெரியாது என்றார் ரொட்டிக்காரர். எதிர்த்தெரு கேக் கடைக்காரர் அன்று மாலை தன் மனைவியை ஒரு மாதிரி பார்த்தாராம். அவள் மறுபேச்சில்லாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாளாம்.

அந்த ரொட்டியில் ஒரே ஒரு சங்கடம். பசி அடங்கவில்லை. மெல்லும்வரை எல்லாம் இருந்தது, விழுங்கியதும் எதுவும் இல்லை. வாங்கியவர்கள் மறுபடியும் வந்தார்கள், கன்னம் ஒட்டிப்போய், கண் பளபளவென்று. வரிசை நீண்டது. அதில் பேச்சு குறைந்தது. ரொட்டிக்காரர் மூன்று வேளையும் அதையே சாப்பிட்டார். இடுப்பு வார் புதிய ஓட்டை கேட்டது, பிறகு இன்னொன்று. அடுப்புக் கதவைத் திறக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. இளைத்துக்கொண்டே போகிறீர்கள் என்று மகள் சொன்னால் சிரித்தார். அவர் எடை தினமும் குறைவதாகத் தட்டுக்காரர் குறித்துக்கொண்டு போனார். துறைக்கு அது முன்னேற்றம்.

ஒரு மத்தியானம் மகள் கடைக்கதவைச் சாத்தினாள். வெளியே வரிசை நின்றது. தட்டுவதற்குத் தெம்பில்லாமல் நின்றது. கொல்லைப்புற அறையில், யாருக்கும் தெரியாமல், தன் கையால் அளந்த மாவில் ஒரு ரொட்டி சுட்டிருந்தாள். மாவு கூடினால் சீல் வைக்கிற குற்றம். அதை அப்பாவின் முன்னால் வைத்தபோது மேசை லேசாக அதிர்ந்தது.

அவர் ஒரு துண்டு பிய்த்தார். அவருக்கு மென்று பழக்கம் விட்டுப்போயிருந்தது, தாடை வலித்தது. வெகுநேரம் மென்றார்.

"இதுல அம்மா இல்ல" என்றார்.

"இல்லப்பா" என்றாள் மகள். "இது நான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தொண்டையில் அது இறங்குவது வெளியிலிருந்தே தெரிந்தது, பெரிய உருண்டையாக, கஷ்டப்பட்டு. பிறகு கையை நீட்டி அடுத்த துண்டைப் பிய்த்தார். மகள் தண்ணீர் ஊற்றி வைத்தாள்.

முன்னறையில், காலையில் மூடிய பாத்திரத்தின்மேல் துணி எழும்பிக்கொண்டே இருந்தது. விளிம்பைத் தாண்டி, பலகையைத் தாண்டி, கதவின் உயரத்துக்கு. அதை அடுப்பில் வைக்க யாரும் எழுந்து போகவில்லை.